வரிசையில் பின்னால் நகரும் செருப்பு

மார்ச் கடைசி வாரம் திருச்சுழிப் பக்கம் போனது ஊர் சுற்றுவதற்காக அல்ல. அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் என் பெரியம்மா பாண்டியம்மாளுக்கு ஜாக்கெட் கொக்கி மாட்டிவிடும்போது, இடது மார்பில் கல் மாதிரி ஒரு கட்டி அம்மாவின் கையில் தட்டுப்பட்டது. கேட்டதற்கு, "வலிக்கல, விடு" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா பந்திக்குப் போய்விட்டார். அம்மா எனக்குப் போன் செய்து அழுதார். அடுத்த நாள் சென்னையிலிருந்து பஸ் ஏறினேன்.

இரவுப் பேருந்து அருப்புக்கோட்டையில் காலை ஏழரைக்கு இறக்கிவிடும். அங்கிருந்து திருச்சுழி ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். டவுன் பஸ் கிடைத்தால் பெண்களுக்கு இலவசம். அதற்கப்புறம்தான் கஷ்டம். பெரியம்மா ஊர் நரிக்குடி போகிற வழியில் உள்ளே ஒடுங்கிக் கிடக்கிறது. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. காலை பஸ்ஸை விட்டுவிட்டேன். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய் ஆனது.

"சப்-சென்டர்கிட்ட இறக்கிவிட்டுருங்கண்ணே" என்றேன்.

"இன்னைக்கு நர்ஸம்மா வரமாட்டாகளே. வியாழக்கிழமதான் வருவாக." ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "செருப்பு வைக்கவா வந்தீக?"

எனக்குப் புரியவில்லை. இறங்கியதும் புரிந்தது.

இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். நடுவில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சின்னக் கட்டடம், அதுதான் துணை சுகாதார நிலையம். கதவில் பூட்டு. அந்தக் கதவைப் பார்த்தபடி தரையில் ஒரு வரிசை: செருப்புகள், ஒரு செங்கல், ஒரு பிளாஸ்டிக் குடம், கல் வைத்த மஞ்சள் பை, மறுபடியும் செருப்புகள். ஆள் ஒருவர்கூட இல்லை. வெயிலில் காக்கா சத்தம்கூட இல்லை. காற்றடித்தபோது அந்தப் பை மட்டும் ஒருமுறை மூச்சு விட்டதுபோல உப்பி அடங்கியது. நின்றுகொண்டிருந்த ஆட்களை அப்படியே யாரோ உறிஞ்சி எடுத்துவிட்டு, காலில் கிடந்ததை மட்டும் விட்டுவிட்டதுபோல இருந்தது. 

வரிசையில் முதலில் இருந்த ஜோடி மட்டும் வேறு மாதிரி. பச்சை வார் வெளுத்து, குழியில் மண் நிறைந்து, அந்த மண்ணில் ஒரு புல் முளைத்துக் காய்ந்திருந்தது.

பெரியம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பெரியப்பா திருப்பூரில் வாட்ச்மேன் என்பதால் தனியாக இருக்கிறார். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்தே நடந்தார்.

"நாளைக்கி வாற கூட்டத்துக்கு இன்னைக்கே இடம் போடணும் தாயி. ரெண்டாவது என்னோடது, பாத்தியா?" என்று பெருமையாகக் காட்டினார். நீல வாரில் ஊக்கு குத்திய செருப்பு.

"முதல்ல இருக்கிறது யாரோடது?"

"சந்திராவோடது. அவ போயி வருசம் ஒண்ணாச்சு."

"செத்துட்டாங்களா? செருப்பை ஏன் எடுக்கல?"

"அதத் தொட்டா நமக்கும் ஒட்டிக்கிரும்ங்காக. எதுக்கு வம்பு? அது பாட்டுக்குக் கெடக்கு. நாங்க அதுக்குப் பின்னாடி வப்போம்."

துருவிக் கேட்டபோதுதான் சொன்னார், சந்திராவுக்கும் மார்பில் கட்டிதான். முதல் இடத்தில் இறந்தவளை நிறுத்திவிட்டு, ஊரே அவளுக்குப் பின்னால் வரிசை கட்டுகிறது. அவளுக்கு என்ன ஆனது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நர்ஸ் வண்டியில் வந்தார். இரண்டு ஊர்ச் சப்-சென்டருக்கும் அவர் ஒருவர்தான். வந்ததும் தடுப்பூசி, கர்ப்பிணிகள், பிரஷர் மாத்திரை என்று உட்காரவே இல்லை. நான் வேப்பமரத்தடியில் நின்று பெரியம்மாவின் நீலச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதாக இருந்தது. போன் அடித்தது, பேசிவிட்டுத் திரும்பினேன். நான்காவதாக இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தேன். ஏழாவது. யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. வரிசை முன்னால் நகர, அது மட்டும் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். செல்வி என்ற பக்கத்து வீட்டுக்காரப் பெண் காய்ச்சல் பிள்ளையோடு வந்தாள். பெரியம்மா பேச்சுவாக்கில் கால் கட்டைவிரலால் தன் செருப்பை மெல்லப் பின்னால் தள்ளி அவளுக்கு இடம் விட்டார்.

"என்ன பண்றீங்க பெரியம்மா?"

"பிள்ளைக்கு நெருப்பாக் கொதிக்குது. அவ நிக்க, நான் முன்னாடி போகவா? எனக்கு என்ன வலிக்கவா செய்யுது?"

"போன வாரமும் இப்படித்தானா?"

செல்வி சிரித்தாள். "அத்தை என்னைக்குத்தான் உள்ள போயிருக்காக? செருப்புதான் வரும், போகும். சந்திராக்காவும் இப்படித்தான், எல்லாருக்கும் வழி விடுவா." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. பிள்ளையை இறுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

வலிக்கிறவர்கள் முதலில் போகட்டும் என்பது இந்த ஊர் மரியாதை. வலிக்காத கட்டிக்கு இந்த வரிசையில் முறை வரவே வராது.

"அட்டைதான் இருக்குல்ல" என்றார் பெரியம்மா. ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு, பர்ஸோடு செருகி வைத்திருந்த அரசு காப்பீட்டு அட்டையை எடுத்துக் காட்டினார். இடது பக்கம். கட்டியின் மேலேயே அட்டை. நடுவில் ஒரு துணிதான். தாயத்து மாதிரி இத்தனை நாளும் அதைச் சுமந்திருக்கிறார். ஆளைப் படுக்கையில் சேர்த்த பிறகு வேலை செய்கிற அட்டை அது. அதற்கு முன்னால் ஒரு கை தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கை இங்கே வாரத்தில் ஒரு பகல்தான் வருகிறது. இதைத் திட்டம் போட்டவர்கள் யாரும் இந்த வரிசையில் செருப்பு வைத்ததில்லை.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். "இப்பிடி மானத்த வாங்குறியேடி" என்று திட்டிக்கொண்டே வந்தார். நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுத் தொட்டுப் பார்த்தார். அக்குளிலும் தொட்டார். உடனே சீட்டு எழுதினார். "வீட்டுக்குப் போகாதீக, அக்கா. இப்பிடியே கிளம்புங்க. காலையில மதுரை பெரியாஸ்பத்திரி ஓ.பி.ல நிக்கணும்."

வீட்டுக்குப் போனால் ஆடுகள் பிடித்துக்கொள்ளும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஆடுகளைச் செல்வியிடம் சொல்லிவிட்டு அங்கிருந்தே ஆட்டோ ஏறினோம். பாதி வழியில்தான் கவனித்தேன், பெரியம்மா வெறுங்காலோடு இருந்தார். இரவு அருப்புக்கோட்டையில் சொந்தக்காரர் வீடு. விடியற்காலை மதுரை பஸ், ஒன்றரை மணி நேரம்.

அங்கே டாக்டர் கேட்டார்: "எப்பம்மா முதல்ல பாத்தீங்க?"

"கம்பு அறுத்தப்ப."

"இந்தத் தை மாசமா?"

"இல்ல சார். அதுக்கு முந்துன கம்பு."

ஒரு வருடத்துக்கு மேல் என்று டாக்டர் சீட்டில் எழுதினார்.

ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான். அக்குள் வரை வந்திருக்கிறது. முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கி, பிறகு ஆபரேஷன், அதன் பிறகுதான் எதையும் சொல்ல முடியும் என்றார்கள். முந்தைய கம்பிலேயே வந்திருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பார்களாம். அட்டை நன்றாகவே வேலை செய்தது. படுக்கைக்கும் மருந்துக்கும் எங்களிடம் யாரும் காசு கேட்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் மருந்து ஏற்றி மூன்று வாரம் கழித்து மாற்றுத்துணி எடுக்க ஊருக்குப் போனேன். பூட்டிய கதவின் முன் வரிசை அப்படியே இருந்தது. முதலில் சந்திராவின் பச்சைச் செருப்பு. அதன் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டினாற்போல, பெரியம்மாவின் நீலச் செருப்பு. கடைசியில் கிடந்ததை யாரோ குச்சியால் தள்ளிக்கொண்டுபோய் அங்கே சேர்த்திருக்கிறார்கள். மண்ணில் இழுத்த கோடு தெரிந்தது. மற்ற எல்லாம் இரண்டுக்கும் பின்னால், ஒரு முழம் தள்ளி.

குனிந்தேன்.

"தொடாத தாயி!" செல்வி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாள்.

"அவுக உசுரோடதான் இருக்காக செல்வி. ஒட்டாது. நீயும் ஒரு தடவை காட்டிட்டு வா."

நீலத்தை எடுத்துத் தட்டிப் பையில் போட்டேன். பச்சையை அங்கேயே விட்டேன். புதிதாக வருகிற யாராவது அது யாருடையது என்று கேட்கட்டும்.

உங்களுக்கும் இப்படி ஒரு ஊரில் பெரியம்மாவோ அத்தையோ இருந்தால், போனில் "நல்லா இருக்கீகளா" என்று கேட்டால் போதாது. வலிக்காத கட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் காப்பீட்டு அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் முதல் பரிசோதனைக்கு அது தேவைப்படவில்லை. ஆதார், ரேஷன் கார்டு, பழைய சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.பி. சீட்டுக்குக் காலை ஏழரைக்கெல்லாம் நில்லுங்கள். ஆட்டைப் பார்த்துக்கொள்ள முதலிலேயே ஆள் சொல்லிவிடுங்கள். பாதிப்பேர் அங்கேதான் நின்றுபோகிறார்கள்.

வார்டில் முடி கொட்டிய தலையில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்த பெரியம்மா, பையிலிருந்து செருப்பை எடுத்ததும் பதறினார்.

"எடுத்துட்டியா? அடி பாவி, வியாழக்கிழம என் இடம் போயிருமே!"

"போகட்டும் பெரியம்மா" என்று காலடியில் வைத்தேன்.  பெரியம்மா கட்டைவிரலால் தள்ளாமல், காலை உள்ளே நுழைத்தார்.