கழலாத பலகை

முதலில் வலி இல்லை. முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் மட்டும். பனியில் கிடந்தபடி பார்த்தேன். விழுந்தால் தானாகக் கழன்றுவிட வேண்டிய சறுக்குப் பலகை, இடது காலிலேயே இருந்தது.

துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் பனிச்சறுக்குச் சரிவில் நான் குளிரூட்டல் டெக்னீஷியன். கருவிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, சறுக்கியபடியே சென்சார்களைச் சரிபார்ப்பது என் வேலை.

ஸ்கேனில் ஏ.சி.எல். (முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் தசைநார்) முழுதாக அறுந்திருந்தது.

"பலகை கழலலையா?" என்றார் டாக்டர்.

"இல்லை டாக்டர்."

"கழன்றிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காதோ என்னவோ."

விபத்துப் படிவத்தைப் படுக்கையிலிருந்தே நிரப்பினேன். நேரம், இடம், பனியின் கடினம், பையின் எடை. ஒன்றை மட்டும் எழுதவில்லை. பையோடு வளையும்போதெல்லாம் பலகை கழன்றதால், அதன் பிடிப்புத் திருகை நானே இரண்டு எண் கூட்டி இறுக்கியிருந்தேன். இதைச் சொன்னால் சிகிச்சைச் செலவை ஏற்க மாட்டார்களோ, விசா போய்விடுமோ என்று பயம்.

ஒவ்வொருவர் எடைக்கும் ஏற்ப அந்த எண்ணை வைப்பது ரபீக் காக்காவின் பொறுப்பு. கீழக்கரைக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம்.

அறுவைசிகிச்சைக்குப் பின் நான்காம் நாள் நெய்ச்சோறு கொண்டுவந்தார். அன்று முழங்கால் முப்பது டிகிரிதான் மடங்கியது.

"எங்கேயோ எண்ணத் தப்பா வச்சுட்டேன் போல, தங்கச்சி. மன்னிச்சுக்க."

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விசாரணை முடியிற வரைக்கும் ஸ்க்ரூடிரைவரத் தொடக் கூடாதாம். இப்ப கையுறை கவுன்ட்டர்ல டூட்டி. வலது கை நூறு கெடக்கு, இடது கைதான் எங்க போகுதுன்னே தெரியல" என்று சிரித்தார்.

அப்போதும் சொல்லவில்லை.

பிசியோதெரபியில் நாட்களை டிகிரியில் எண்ணப் பழகினேன். நாற்பத்தைந்து, அறுபது, எழுபது. தொண்ணூறு வந்த அன்று, நடந்ததை எழுதி சூப்பர்வைசருக்கு மெயில் அனுப்பினேன். கோப்பில் சேர்த்துவிட்டதாகப் பதில் வந்தது. ரபீக்கின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, போன வாரமே ஊருக்குப் போய்விட்டார் என்றும் இருந்தது.

அவரை அழைத்தேன்.

"காக்கா, திருகை நான்தான் இறுக்கினேன்."

"எத்தனைல வச்சே?"

"ஏழரை."

"நான் வச்சது அஞ்சரை." பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "அப்ப நான் சரியாத்தான் வச்சிருக்கேன்" என்றார். இன்னொரு முறையும் அதையே சொன்னார். "காலப் பாத்துக்க" என்று வைத்துவிட்டார். அதன்பின் அவர் என் அழைப்பை எடுக்கவில்லை.

என்னைப் போல அடிபட்டுப் படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். படிவத்தை அன்றே முழுதாக எழுதுங்கள். தசைநார் ஆறக் காலம் இருக்கிறது.

முழங்கால் இப்போது நூற்று முப்பது டிகிரி மடங்குகிறது. சரிவில் இனி இறங்க முடியாது. திரைகள் முன் உட்கார்ந்து வெப்பநிலையைப் பார்க்கிறேன். டிகிரிகளைத் தேதியோடு குறித்த நோட்டு என்னிடம் இருக்கிறது. முப்பதிலிருந்து தொண்ணூறு வரை இரண்டு பக்கங்கள். நான் தேறிவந்த அந்த நாட்கள் முழுக்க, ஒரு மனிதர் தன் கையைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்.