தேடல் பக்கம் காட்டிய சனிக்கிழமை

உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை அட்டை. ஒரு பக்கம் குழந்தையின் பெயரும் எடையும், மறுபக்கம் ஒரு க்யூஆர் கோடு. கடலூரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் ரிசப்ஷன் அக்கா, அதைத் தாய்மார் கையில் கொடுக்கும்போதெல்லாம், "தொலச்சிடாதம்மா, எந்த டாக்டர் என்னிக்கு வராருன்னு இதுலயே பாத்துக்கலாம்" என்பார். அந்த மருத்துவமனையின் இணையதளத்தை நான் சிதம்பரத்தில் என் வீட்டிலிருந்தே பராமரித்து வந்தேன். என் மகளுக்கு அப்போது எட்டு மாதம்.

தளத்தைப் புதுப்பித்தபோது பக்கங்களின் முகவரிகள் மாறிவிட்டன. அட்டைகளின் க்யூஆர் கோடில் இருந்ததோ பழைய முகவரி. ஒவ்வொன்றையும் அதற்குரிய புதிய பக்கத்தோடு நான் இணைத்திருக்க வேண்டும். மகளுக்குக் காய்ச்சல், எனக்குத் தூக்கமில்லை. இல்லாத பக்கத்தை யார் கேட்டாலும், அந்த முகவரியில் உள்ள சொற்களைத் தளத்தின் தேடல் நிரலுக்கு அனுப்பி, முதலில் கிடைக்கும் பக்கத்தைக் காட்டும்படி செய்துவிட்டேன். 'பக்கம் இல்லை' என்று இனி யாருக்கும் வராது. மூன்று முறை சோதித்தேன், மூன்று முறையும் ஏதோ ஒரு பக்கம் வந்தது. சரியான பக்கம்தானா என்று வாசித்துப் பார்க்கவில்லை.

காது பரிசோதிக்கும் டாக்டர் வருவது புதன்கிழமை. தேடலில் முதலில் வந்ததோ எப்போதோ போட்ட பழைய அறிவிப்பு: சனிக்கிழமை. காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து ஒரு தாய், கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி, சனிக்கிழமை வந்து நின்றாள். தப்பான கிழமையைச் சொல்லிவிட்டதாகப் பெரிய டாக்டர், காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அக்காவைத் திட்டினார்.

வழக்கமாக அக்கா, "என்ன இன்ஜினியரம்மா, உன் வெப்சைட்டு முழிச்சிருக்கா, தூங்குதா?" என்றுதான் போனில் தொடங்குவார். அன்று மாலை அழுதார்.

"அல்லா மேல ஆணையா நான் சனிக்கெழமன்னு சொல்லலம்மா. பதினோரு வருஷமா இங்க உக்காந்திருக்கேன்."

போனை வைத்துவிட்டுத் தளத்தின் வருகைப் பதிவைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை மாலை யாரோ அட்டையின் முகவரிக்கு வந்திருந்தார்கள். அடுத்த வரியில் என் தேடல். அதற்கடுத்து அந்தப் பழைய அறிவிப்பு.

உடனே சொல்லியிருக்கலாம். பதிவில் இருப்பது அந்தத் தாய் இல்லாமல் வேறு யாராகவாவது இருக்குமோ, சொன்னால் இந்த வேலையும் போய்விடுமோ என்று ஞாயிறு முழுவதும் குழம்பினேன். அக்கா இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை.

திங்கள் காலை மகளைத் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். டாக்டரிடம் சொன்னபோது, "சரி, சீக்கிரம் சரிபண்ணுங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த குழந்தையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். கவுண்டருக்கு வந்து அக்காவிடமும் சொன்னேன். அவர் கை நீட்டி மகளை வாங்கிக்கொண்டார்.

"உங்கம்மா பலே ஆளுடி. என் ஃபோனுன்னா மட்டும் காது கேக்கல பாரு."

அவருடைய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகப் புதிய பக்கங்களோடு இணைத்தேன். பழைய அறிவிப்புகளைத் தேடலிலிருந்து எடுத்தேன். அந்தத் தாயைப் புதன்கிழமை வரச்சொல்லி அக்காவே போன் செய்தார். கிளம்பும்போது மகளைத் திருப்பித் தந்தவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டாக்டர்கிட்ட சொல்லிட்ட, சந்தோஷம். அன்னிக்கி இங்க உக்காந்திருந்த ஜனங்ககிட்ட யாரும்மா போய் சொல்றது?"

அக்கா இப்போது கணவரோடு சவுதியில் இருக்கிறார். போன மாதம் மகளோடு அதே கூடத்தில் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் பேச்சுவாக்கில் சொன்னார்: "முன்னாடி இந்த கவுண்டர்ல ஒரு அம்மா இருந்துச்சே, நாள மாத்தி மாத்தி சொல்லி ஜனங்கள அலையவிடும்."

"இல்லைங்க, அது அவுங்க இல்ல" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவருடைய டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.