தியேட்டர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த அருளப்பன் அண்ணன்

அருளப்பன் அண்ணன் இறந்த செய்தி எனக்குப் போனில் வரவில்லை. பூட்டிய கேட்டாக வந்தது.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கும் ஒரு பழைய தியேட்டருக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய டூவீலர் ஸ்டாண்டு. இருபத்திரண்டு வருடமாகக் காலை ஆறரை மணிக்கு அங்கே வண்டியை விட்டுவிட்டு, வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்கு மில் பஸ் ஏறுகிறவன் நான். ஒரு நாளும் அந்தக் கேட் மூடி நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சங்கிலி போட்டிருந்தது. வெளியே ஒரு கூட்டம், ஆளுக்கொரு டோக்கனைப் பிடித்துக்கொண்டு, உள்ளே மாட்டிக்கொண்ட தங்கள் வண்டிகளைக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் திரும்பியிருந்த ஒருவர் அண்ணனை வாய்க்கு வந்தபடி ஏசினார். நானும் சும்மா இருக்கவில்லை. "நாட்டு நடப்பு பேசி முடிச்சிருக்க மாட்டாரு, செத்த நேரம் பொறுங்க" என்று ஒரு ஜோக்கை எடுத்து விட்டேன். நாலு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவருடைய மைத்துனர் சாவியோடு வந்தார். "மச்சான் விடியக்காலைல போயிட்டாரு. நெஞ்சு வலி. அக்கா முதல்ல வண்டிகளக் குடுத்துட்டு வரச் சொல்லுச்சு" என்றார். ஏசிக்கொண்டிருந்தவர் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார். எனக்குத் தள்ளி நிற்கவும் இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

வண்டிகளைக் கொடுப்பது சுலபமாக இல்லை. டோக்கனில் நம்பர் இருந்ததே தவிர, அண்ணன் நம்பர்படி வண்டியை நிறுத்துகிறவர் அல்லர். யார் எப்போது திரும்புவார்கள் என்பதுதான் அவர் கணக்கு. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டு மதியம் வருகிறவர்கள் வண்டி வாசலோரம், மில் ஆட்கள் நடுவில், கல்யாணத்துக்கு வெளியூர் போனவர்கள் சுவரோரம். சம்பந்தி வீட்டுக் கல்யாணம் என்றால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவார். "சீக்கிரம் விட மாட்டாய்ங்க" என்பார். அந்த வரைபடம் அவர் தலையோடு போய்விட்டது. நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வண்டிகளை இழுத்துப் புரட்டிக் கொடுத்து முடித்தபோது என் மில் பஸ் போய் வெகு நேரமாகியிருந்தது.

இந்த இதழில் பன்னிரண்டு வருடமாக மாதாமாதம் என் நகைச்சுவைப் பக்கத்தைப் படித்துவரும் உங்களிடம் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் ரசித்ததாகக் கடிதம் எழுதிய கருத்துகளில் முக்கால்வாசி என்னுடையவை அல்ல. காலையில் மில் பஸ் வரும்வரை பத்து நிமிடம், மாலையில் இறங்கியபின் பத்து நிமிடம், அந்த ஸ்டாண்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து நான் கேட்டவை. அவர் பேசுவார், நான் மில்லில் உட்கார்ந்து அதற்குச் சட்டை பேண்ட் மாட்டி உங்களுக்கு அனுப்புவேன். மில்லில் எனக்குக் கொடுத்திருந்த வேலை வேறு என்பதை முதலாளி இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

போன் காட்டும் வழியைப் பற்றி நான் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு நாள் வெளியூர்க்காரர் ஒருவர் போனைப் பார்த்தபடியே வந்து, நேராகத் தியேட்டர் கழிவறைச் சுவரில் போய் நின்றார். அண்ணன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "வழி கேக்குறது வழிக்காக மட்டுமா அப்பு? உங்க ஊருக்குள்ள ஒருத்தன் வந்திருக்கேன்னு சொல்றதுக்குந்தான். இப்ப எவன் வாரான், எவன் போறான், ஒண்ணுந் தெரியல." இதை நான் என் ஞானமாக எழுதினேன். ஒரு பொறியாளர் என்னைப் பாராட்டி இரண்டு பக்கம் எழுதினார். கடிதத்தை அண்ணனிடமே காட்டினேன். திருடிய கோழியைக் கோழிக்காரனிடமே குழம்பு வைத்துக் கொடுக்கிற துணிச்சல் எனக்கு உண்டு. அவர் கோபப்படவில்லை. "அப்ப நான் பொறியாளருக்கே சொல்லிக் குடுத்துருக்கேன்" என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

கேமரா மாட்டச் சொல்லி வியாபாரிகள் வந்து கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "கேமரா திருடுனவன் மூஞ்சியக் காட்டும். திருடப் போறவன் மூஞ்சிய நான் பாத்துக்கிறேன்" என்றார். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை அவருக்குப் பிடிக்காது. சத்தமில்லாமல் வருகிற வண்டியையும் மனிதரையும் நம்பக் கூடாது என்பது அவர் கட்சி. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து தொட்டுக்கொள்ள என்ன என்று பார்க்கும்போதும் ஒரு கருத்து இருக்கும். "வெஞ்சனம் ரெண்டு இருந்துச்சுன்னா தெரசா என்கிட்ட ஏதோ கேக்கப் போறான்னு அர்த்தம்." தெரசக்கா அவர் மனைவி.

அரசியலையும் அவர் வண்டியை வைத்தே சொன்னார். கட்சிக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வண்டியில் கொடி கட்டி வந்து ஸ்டாண்டில் விடுவார்கள். கூட்டம் முடிந்து வண்டியை எடுக்கும்போதே கொடியைக் கழற்றி டேங்க் கவரில் திணித்தால் அந்தக் கட்சி தோற்கும். கொடியோடு வீடு போனால் ஜெயிக்கும். இரண்டு தேர்தல்களில் இது பலித்தது. மூன்றாவதில் கவிழ்ந்தது. நான் கேலி செய்யக் காத்திருந்தேன். "அன்னைக்கு மழ பேஞ்சுச்சா இல்லையா? துணி நனையக் கூடாதுன்னு கழட்டிருக்காய்ங்க. அத நான் கணக்குல எடுக்கல" என்று முடித்துவிட்டார்.

ஆனால் அவருடைய புகழ் சினிமாவில்தான். அவர் ஸ்டூல் எப்போதும் தியேட்டர் வாசலைப் பார்த்தே கிடக்கும். புதுப் படம் வந்த முதல் நாள் முதல் காட்சி விட்டதும், வெளியே வருகிற கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு தீர்ப்பு. அடுத்த காட்சிக்கு வண்டி விடுகிறவர்கள் அவரைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார்கள். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு ஒரு நாள் சொன்னார்: "படம் நல்லா இருந்துச்சுன்னு வச்சுக்க, வெளிய வாரவன் எதுத்தாப்புல நிக்கிறவன் மூஞ்சிய நேராப் பாப்பான். தெரியாத ஆளா இருந்தாலும் பாப்பான். நல்லா இல்லைன்னா தரையப் பாத்துக்கிட்டு வண்டிச் சாவியத் தேடுவான். அம்புட்டுத்தான்." கல்யாணம் ஆன புதிதில் பார்த்ததற்குப் பிறகு அவர் அந்தத் தியேட்டருக்குள் காலே வைத்ததில்லை என்பது எனக்கும் இன்னும் நாலைந்து பேருக்கும் மட்டும் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாதம் எனக்கு எழுத எதுவும் சிக்கவில்லை. ஆசிரியர் காலையும் மாலையும் போன் செய்தார். அதுவரை அண்ணனின் கருத்தைத் திருடியவன், அந்த மாதம் அண்ணனையே எடுத்துக்கொண்டேன். பெயர் போட்டு, ஸ்டாண்டு இருக்கும் இடம் போட்டு, படமே பார்க்காமல் படத்துக்குத் தீர்ப்பு எழுதும் நீதிபதி என்று எழுதினேன். உண்மை ஒன்றரைப் பக்கத்துக்குத்தான் வந்தது. மீதி அரைப் பக்கத்துக்கு ஒரு பொய் சேர்த்தேன். இடைவேளையில் டீ குடிக்க வெளியே வந்தவர்களைப் பார்த்துப் படம் முடிந்துவிட்டதென்று நினைத்து, "படம் ரொம்பச் சின்னது, ஆனா விறுவிறுப்பு" என்று அவர் சொன்னதாக எழுதினேன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

என் பக்கம் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓடியதில்லை. யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட, ஊர் முழுக்கச் சுற்றியது. டீக்கடையில் சத்தமாகப் படித்தார்கள். கல்லூரி மாணவர்கள் வண்டியை விடும்போது, "அண்ணே, இப்ப நடக்குறது இடைவேளையா, முடிவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் விடாமல் கேட்டார்கள். முதல் வாரம் அண்ணனும் சேர்ந்து சிரித்தார். நான் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மில் பஸ்ஸிலிருந்து இறங்கினால், ஸ்டூலில் தெரசக்கா உட்கார்ந்திருந்தார். "அண்ணன் எங்கக்கா?" என்றேன்.

"படம் பாக்கப் போயிருக்காரு."

"எங்க?"

"எங்கன்னா? தியேட்டருக்குள்ளதான். இஸ்திரி போட்ட சட்டையக் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டுப் போயிருக்காரு. நீங்க எழுதுனதுல வந்த வென" என்றார். அக்கா சிரித்தாரா, கோபப்பட்டாரா என்று நான் கவனிக்கவில்லை.

படம் விட்டது. கூட்டத்தோடு கூட்டமாக அண்ணன் வந்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த மாதத்துக்கும் கிடைத்துவிட்டதென்று நினைத்தேன். "படம் எப்படிண்ணே?" என்றேன்.

அவர் தியேட்டர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றார்.

அதுவரை நான் அவருக்கு அப்பு. அன்றிலிருந்து சார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் படத்துக்குப் போனார். அதற்கு அடுத்ததற்கும் போனார். ஒவ்வொரு படமும் நல்லாத்தான் இருந்தது. பேப்பர் போடச் சொன்னார். தேர்தல் பற்றிக் கேட்டால், "இன்னும் முழுசாப் படிக்கல சார். படிச்சுட்டுச் சொல்றேன்" என்பார். ஸ்டூலுக்குப் பக்கத்தில் பேப்பர்கள் மடிப்புக் கலையாமல் அடுக்கிக் கிடந்தன. முழுவதும் தெரிந்துகொண்டு பேச வேண்டும் என்று ஒரு மனிதர் முடிவு செய்துவிட்டால் அப்புறம் அவர் எதைத்தான் பேசுவது? நானெல்லாம் அந்த விதிக்குக் கட்டுப்பட்டிருந்தால் இந்தப் பக்கத்தில் விளம்பரம்தான் வந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். காலையில் பஸ்ஸுக்கு அவசரம், மாலையில் வீட்டுக்கு அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அந்த வார்த்தை வாயில் வராது. வருவது ஜோக்தான். அந்தத் தீபாவளிக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஒரு பொட்டலம் முறுக்குக்குப் பதிலாக இரண்டு பொட்டலம் கொண்டுபோனேன். "என்ன சார், ரெண்டா?" என்றார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் அமையாது. நான் சொன்னது: "ஒண்ணு வாங்குனா ஒண்ணு இலவசம்ணே." வாங்கி வைத்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு எப்போதும்போல எனக்குக் கேக் வந்தது. அதில் குறை வைக்கவில்லை.

அவர் இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு நாள் மில் பஸ் தாமதமாகியது. வழியில் டயர் வெடித்துவிட்டது என்று தகவல். பத்து நிமிடத்துக்குப் பதில் எங்களுக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தது. இரண்டு பேரும் தியேட்டர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் அங்கே ஒருத்தி கூட்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அப்போது எனக்கு உறைத்தது. உலகத்தில் எல்லாவற்றையும் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டிருக்கிறேன், என் எழுத்தைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"அண்ணே, நான் உங்களப் பத்தி எழுதுனேன்ல. அது எப்படி இருந்துச்சு?" என்றேன். மன்னிப்புக்கு நான் எட்டிப் பிடித்த தூரம் அதுதான்.

"அத நான் படிக்கலையே" என்றார்.

"படிக்கலையா?"

"உன் எழுத்து எதையுமே நான் படிச்சதில்ல அப்பு. எனக்குப் பொடி எழுத்து தெரியாது. கண்ணாடி போட்டாத் தல வலிக்கும். டீக்கடைல படிச்சுட்டு வண்டி எடுக்க வாரவன் மூஞ்சியப் பாப்பேன். அதுலயே தெரிஞ்சுரும், இந்த மாசம் எப்படின்னு."

இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த அப்பு. "அந்த மாசம் எப்படிண்ணே?" என்றேன்.

"எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் வந்தாய்ங்க" என்றார். பிறகு, "ஒருத்தனும் என் மூஞ்சிய நேராப் பாக்கல" என்றார்.

அதற்குள் பஸ் வந்து ஹாரன் அடித்தது. "போ, போ. விட்டுட்டுப் போயிருவான்" என்று என்னைக் கிளப்பிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து நான் கையசைத்தேனா என்று நினைவில்லை. அவர் தந்த கடைசித் தீர்ப்பு அது. அவருடைய முறைப்படி, அவருடைய அளவுகோலில் தந்தது. அதை மேல்முறையீடு செய்ய எனக்கு வழியில்லை. 'ஒருத்தனும்' என்று அவர் சொன்னதில் நானும் அடக்கம். இரண்டு வருடம் தினமும் இரண்டு வேளை டோக்கன் வாங்கினேன், கொடுத்தேன். டோக்கனைத்தான் பார்த்தேன்.

அடக்கத்துக்கு வந்திருந்த கூட்டத்தில் கல்லறைத் தோட்டச் சுவரோரம் நிறைய வண்டிகள் நின்றன. தாறுமாறாக நிறுத்தியிருந்தார்கள். எடுக்கும்போது ஒன்றோடொன்று சிக்கியது. அவர் ஒருவர் இருந்திருந்தால் யார் முதலில் கிளம்புவார்கள் என்று பார்த்து நிறுத்தியிருப்பார் என்று பூ வியாபாரி ஒருவர் சொன்னார். அநேகமாக என்னைச் சுவரோரம் தள்ளியிருப்பார்.

இப்போது ஸ்டூலில் தெரசக்கா உட்காருகிறார். நம்பர்படி வண்டி நிறுத்துகிறார். ஸ்டூல் மட்டும் தியேட்டர் வாசலைப் பார்த்தபடியே கிடக்கிறது. அண்ணனுடைய கருத்துகளில் பாதியை நான் ஏற்கெனவே விற்றுத் தின்றுவிட்டேன். மழையைக் கணக்கில் எடுக்காத கொடி ஜோசியத்தையும், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மீதான சந்தேகத்தையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, ஆள் வரும்போது நிமிர்ந்து முகத்தைப் பார்க்கும் அவருடைய வழக்கம் ஒன்றைத்தான்.

இந்த இதழ் டீக்கடைக்கு வரும் நாள் நான் மில்லுக்கு லீவு போட்டிருக்கிறேன். காலையிலிருந்து ஸ்டாண்டு வாசலில் நிற்பேன். இதைப் படித்துவிட்டு வண்டி எடுக்க வருகிறவர்கள் அக்காவின் முகத்தைப் பார்க்கிறார்களா, தரையைப் பார்த்துச் சாவியைத் தேடுகிறார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.