மேசையோடு ஒரு படம்

தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது எனக்கு அம்மாமேல் வந்த கோபம், அதற்குப் பிறகு யார்மேலும் அந்த அளவுக்கு வந்ததில்லை. எல்லாம் ஒரு மேசையால்.

அப்போது கிள்ளானை அடுத்த மேருவில் தொழிற்சாலை வரிசைக்குப் பின்னால் ஒரு பழைய சாமான் கடை இருந்தது. வசதியானவர்கள் வேண்டாமென்று கொடுத்த அலமாரி, மெத்தை, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் ஒரு தொண்டுக் குழு அங்கே விலை ஒட்டி விற்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்த கையோடு, தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல் அம்மா என்னை அங்கே அழைத்துப் போனார். பக்கத்து வீட்டு அங்கிள் தன் வேனோடு வெளியே காத்திருந்தார்.

நீல இழுப்பறை வைத்த படிப்பு மேசை அது. அம்மா நான்கு கால்களையும் ஆட்டிப் பார்த்தார். கரையான் இருக்கிறதா என்று அடியில் தட்டிப் பார்த்தார். திருப்தியானதும் பணப்பையைத் திறந்தார்.

கடையைப் பார்த்துக்கொண்ட ஆன்டியின் கண் அம்மாவின் சீருடைமேல் விழுந்தது. வீட்டுக்காரர் என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். அம்மா சொல்லி முடிப்பதற்குள், “காசு வேணாம் லா, ஃப்ரீயா எடுத்துட்டுப் போங்க. பாப்பா மேசை பக்கத்துல நிக்கட்டும், ஒரு ஃபோட்டோ மட்டும்,” என்றார்.

‘நன்றி’ என்று பெரிதாக அச்சடித்த ஓர் அட்டை என் கைக்கு வந்தது. அதை நெஞ்சோடு பிடித்து, விழுந்த பல் தெரியச் சிரித்தேன். ஆன்டி கைப்பேசியைத் தூக்கும் நேரத்தில் அம்மா அட்டையைப் பிடுங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“நாங்க வாங்க வந்தோம் ஆன்டி. விலை ஒட்டியிருக்கு. காசு வாங்கிக்குங்க.”

“உதவி செய்றவங்களுக்குக் காட்டணும்மா. எல்லாரும் நிக்கிறாங்க, நீங்க மட்டும் என்ன? உங்க மாதிரி ஆளுங்ககிட்ட காசு வாங்கினா எங்களுக்குத்தான் பாவம்.”

அம்மா நீட்டிய நோட்டுகளைத் திரும்ப மடித்துப் பையில் வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்து நடந்தார். இன்றைக்கு அந்த ‘உங்க மாதிரி ஆளுங்க’ என்ற பேச்சை நினைத்தால் எனக்கு உடம்பு கொதிக்கிறது. அன்றைக்குக் கொதித்தது அம்மாவை நினைத்துத்தான். சும்மா கிடைத்த மேசையை யாராவது விட்டுவிட்டு வருவார்களா?

“என்னக்கா, ஒண்ணும் வாங்கலையா?” என்றார் வேன் அங்கிள்.

“சரிப்பட்டு வரல,” என்றார் அம்மா. வழியெல்லாம் நான் அழுதேன்.

அன்று மாலை அம்மா இஸ்திரிப் பலகையைத் தாழ்த்தி, மேலே துணி விரித்து, எனக்குப் படிக்க இடம் செய்து கொடுத்தார். நான் வேண்டுமென்றே தரையில் உட்கார்ந்து எழுதினேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

சில வாரம் கழித்து, கிள்ளானில் ஒரு பேரங்காடிச் சுவரில் அந்த மேசையைப் பார்த்தேன். அந்தத் தொண்டுக் குழு ஒட்டிய பெரிய படம். பக்கத்தில் நின்றவள் என் வகுப்பில் முன்வரிசையில் உட்காரும் பெண். கையில் அதே அட்டை. அவள் சிரிக்கவில்லை. நானாக இருந்தால் எவ்வளவு நன்றாகச் சிரித்திருப்பேன் என்று நினைத்தேன்.

மறுநாள் வகுப்பில் எல்லார் காதிலும் விழும்படி அவளைக் கேட்டேன்: “அந்த நீல இழுப்பறை நல்லாத் திறக்குதா?”

அவள் முகத்தைக் கைக்குள் புதைத்துக்கொண்டாள். ஓய்வு நேரத்தில்கூட எழுந்து வரவில்லை.

மேசை கிடைத்த திமிர் என்று நினைத்தேன்.