முப்பத்தொன்பதாவது தலை

வேலைக்கான கடிதம் வந்த அன்று என் மகள் விமானி உரிமம் வாங்கி இருபத்தாறு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் அவள் எழுதிய தேர்வுகள் ஏழு, போன நேர்காணல்கள் நான்கு. கடிதம் அனுப்பியது பெரிய நிறுவனம் அல்ல. சேலம் மாதிரி ஊர்களைப் பக்கத்துப் பெருநகரங்களோடு இணைக்கும் சிறிய விமான நிறுவனம். அவர்களிடம் இருந்தது மொத்தம் ஐந்து விமானங்கள். இறக்கைக்கு ஒரு விசிறி வைத்து, எழுபத்திரண்டு பேர் உட்காரும் விமானங்கள். சேர்ந்தால் மூன்று ஆண்டு வேறெங்கும் போகக்கூடாது என்று ஒப்பந்தம் எழுத வேண்டும். அதில் ஜாமீன்தாரர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

நான் புள்ளியியல் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்தவன். நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைகளைக் கணக்கெடுத்தவன். எண்ணாமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் அவள் நேர்காணலுக்குப் போய்வந்த நாளிலிருந்தே அந்த நிறுவனத்தின் விமானத்தை எண்ணத் தொடங்கியிருந்தேன். எங்கள் வீடு தாரமங்கலத்துக்கு மேற்கே தோட்டங்காட்டுக்குள் இருக்கிறது. ஓமலூர்ப் பக்கத்து விமான நிலையத்தில் எழும்பிக் கொச்சிக்குப் போகிற விமானம் எங்கள் கிணற்றுக்கு நேர் மேலே போகும். அறுபது நாள் கிணற்று மேட்டில் நின்று பார்த்தேன். நாற்பத்தொன்பது நாள் வந்தது. பதினொரு நாள் வரவில்லை. வந்த நாளிலும் இருபத்திரண்டு நாள் தாமதம்.

அந்தப் பதினொரு நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விமானம் வராத நாளிலும் அந்த நேரத்துக்குத் தென்னை மரத்துக் காக்கைகள் மொத்தமும் எழும்பிப் பறந்தன. வானத்தில் சத்தமில்லை. பதினொரு நாளும் அப்படித்தான். பழக்கம் என்று எழுதிவைத்தேன்.

மகள் தன் பக்கத்துக் காரணங்களைச் சொன்னாள். சின்ன விமானத்தில் ஒரு நாளைக்கு நாலு முறை ஏறி நாலு முறை இறங்கலாம், கை பழகும். பெரிய நிறுவனத்தில் பத்து ஆண்டு துணை விமானியாக உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு, இங்கே நாலைந்து ஆண்டில் கேப்டன் ஆகலாம். நான் எதிர்ப்பக்கம் எழுதினேன். ஜெட் ஓட்டுகிற வேலைக்குப் போகும்போது இந்த விசிறி விமானத்து மணிநேரத்தை முழுசாக மதிக்க மாட்டார்கள். ஐந்து விமானத்தில் இரண்டு பழுதானால் பாதி வழித்தடம் நின்றுபோகும். நிறுவனமே மூடிக்கொண்டால் ஒப்பந்தம் மட்டும் மிஞ்சும்.

லாரி வைத்திருக்கும் என் மச்சினன், "டவுன் பஸ் டிரைவரா போறதா, ஆம்னி பஸ்ஸுக்குக் காத்திருக்கறதா, அதானுங்க மாமா கேள்வி? டவுன் பஸ்ல பிரேக்காவது நல்லாப் பழகும்" என்றான். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

இவள் ஓட்டப்போகிற விமானத்தில் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். சனிக்கிழமை கொச்சிக்குப் போவது, ஞாயிற்றுக்கிழமை ரயிலில் திரும்புவது. என் மனைவியும் வருகிறேன் என்றாள். வாசல் தாண்டும்போதுதான் நாங்கள் மூன்று பேர் என்பது அவளுக்கு உறைத்தது.

"ஏனுங்க, மூணு பேரா நல்ல காரியத்துக்குப் போறதா?"

"நான் ஊட்லயே இருந்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க," என்றேன்.

"எண்ண ஆள் வேணுமே," என்றாள். குனிந்து வரப்பிலிருந்து புளியங்கொட்டை அளவில் ஒரு கல்லை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் மூன்று பேராகக் கிளம்பினால் அப்படித்தான். கல் நாலாவது ஆள். போகிற காரியம் கெடாது.

விமான நிலையத்தில் அந்த வேளைக்கு ஒரே ஒரு விமானம். கூடத்தில் நூற்று நாற்பது நாற்காலி. முதலில் வந்தது நாங்கள். கண்ணாடிக்கு வெளியே வெட்டவெளி, வெயில், காற்றுத் திசை காட்டும் கம்பத்தில் அசையாத துணிப்பை. ஒலிபெருக்கி யாருமில்லாத கூடத்துக்கு மூன்று மொழியில் வணக்கம் சொன்னது. பைகளைச் சோதிக்கும் இடத்தில் காவலர் அந்தக் கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா?"

"அது எங்ககூட வர்ற ஆளுங்க சாமி," என்றாள் என் மனைவி.

அவர் சிரிக்காமல் பையிலேயே திரும்பப் போட்டார். அவரும் எங்கள் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும்.

கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். விமானத்துக்குப் பின்பக்கத்தில்தான் படிக்கட்டு. கடைசி வரிசையில் எனக்கு இடம். மனைவியும் மகளும் எனக்கு ஏழு வரிசை முன்னால். பணிப்பெண் கையில் சின்ன எண்ணும் கருவியைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே பின்னாலிருந்து முன்னால் போனாள். பட்டியலில் இருந்தது முப்பத்தெட்டு பேர். முன்னால் போய்ச் சேர்ந்தவள் கருவியைப் பார்த்தாள், பட்டியலைப் பார்த்தாள், மறுபடி பின்னால் வந்தாள். மூன்றாவது முறை வந்தபோது என் பக்கத்தில் நின்று, வாய் அசைத்து எண்ணினாள்.

"எத்தனை வருதும்மா?" என்றேன்.

"முப்பத்தொன்பது வருது சார்."

"மடியில குழந்தை யாராவது வெச்சிருக்காங்களா?"

"இந்த டிரிப்ல குழந்தையே இல்ல சார்."

நானும் எண்ணினேன். பண்ணையில் கோழி நிலைகொள்ளாது. அதனால் கோழி இருக்கிற கூண்டை எண்ணமாட்டோம், காலிக் கூண்டை எண்ணிக் கழிப்போம். எழுந்து நின்று காலி இருக்கைகளை எண்ணினேன். முப்பத்து நான்கு. எழுபத்திரண்டில் முப்பத்து நான்கு போனால் முப்பத்தெட்டு. சரியாக இருந்தது. பிறகு தலைகளை எண்ணினேன். முப்பத்தொன்பது. எழுபத்திரண்டு இருக்கை உள்ள விமானத்தில் காலியும் ஆளும் சேர்ந்து எழுபத்து மூன்று. எந்தத் தலை கூடுதல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், எல்லாத் தலையும் அதனதன் இடத்தில் சரியாகத்தான் இருந்தது.

அவளிடம் இரண்டு எண்ணையும் சொன்னேன். அவள் கழுத்துக் கைக்குட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனாள்.

முன்னறையிலிருந்து கேப்டன் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், காதோரம் நரைத்தவர். விமானத்தின் நடுவே நடந்து கடைசி வரை வந்தார். விரல் நீட்டி எண்ணவில்லை, கண்ணால் எண்ணினார். அவருடைய கைபேசி அடித்தது. அலுவலகத்தில் யாரோ. என் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசினார். "எண்ணிக்கை சேரவில்லை. சேராமல் கதவை மூட மாட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் உயர்ந்தது. அவர் அதே வாக்கியத்தை அதே குரலில் இன்னொரு முறை சொல்லி வைத்துவிட்டார்.

எல்லாரும் பைகளோடு இறங்க வேண்டும் என்று அறிவித்தார்கள். எனக்கு முன் வரிசையில் இருந்தவர் திருச்செங்கோட்டுக்காரர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். எழுந்துகொண்டே, "நம்ம ரிக் வண்டியில பதினாறு பேர் தொத்திக்கிட்டு ஆந்திரா வரைக்கும் போறானுங்க. ஒருத்தனும் எண்ணுனதில்லீங்க," என்றார்.

அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த பருத்த அம்மாள், "என்னைத்தான் ரெண்டு ஆளா எண்ணிப்போட்டாங்க போல. கோவிச்சுக்காதீங்க," என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

வெயிலில் வரிசையாக நின்றோம். என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க, நாமதானுங்க ஒண்ணு கூடக் கூட்டியாந்துட்டோம்."

பைக்குள் கைவிட்டுக் கல்லை எடுத்து, யாரும் பார்க்காமல் கீழே போடப் போனாள். மகள் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க போடாதீங்கம்மா. விசிறி சுத்தறப்ப கல்லு எகிறி அடிச்சா அவ்வளவுதான். குடுங்க இங்க."

"உங்கிட்டயா? வேண்டாஞ் சாமி."

"குடுங்கம்மா."

வாங்கித் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அதை அங்கே விட்டுவிட வழியில்லை. எங்களோடு அதுவும் மறுபடி ஏறத்தான் வேண்டும்.

கேப்டன் படிக்கட்டின் அடியில் நின்றார். ஒவ்வொருவர் சீட்டையும் அவரே வாங்கிப் பார்த்து, பேர் சொல்லி, முகம் பார்த்து, பட்டியலில் கோடு போட்டு ஏற்றினார். கைபேசி இரண்டு முறை அடித்தது, எடுக்கவில்லை. நான் வரிசையில் கடைசியாக நின்றேன். முப்பத்தெட்டு கோடு. எனக்குப் பின்னால் யாருமில்லை. விமானத்துக்குள் ஊழியர்கள் கழிப்பறை, சாமான் அறை எல்லாம் திறந்து பார்த்திருந்தார்கள். கதவு மூடியபோது நாற்பத்து மூன்று நிமிடம் தாமதம்.

விமானம் எழும்பியது. கீழே எங்கள் கிணறு தெரிந்தது. தென்னை மரங்களுக்கு மேலே காக்கைகள் இல்லை.

எண்ணக்கூடாது என்றுதான் இருந்தேன். சங்ககிரி மலை தாண்டியதும் என்னையறியாமல் எண்ணினேன். முப்பத்தொன்பது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும், எல்லாரையும் இறங்கச் சொல்ல நடுவானில் இடமில்லை. அந்தப் பணிப்பெண் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டு முன்னாலிருந்து வந்தாள். கடைசி வரிசையில் கடைசி ஆள் நான். என்னிடம் வந்தபோது அவள் பெட்டி காலியாக இருந்தது.

"எத்தனை எடுத்துட்டு வந்தீங்கம்மா?"

"முப்பத்தெட்டு சார். நானே எண்ணி வெச்சேன்."

அவள் திரும்பி இருக்கைகளைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. முன்னால் போய் இன்னொரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கை குளிர்ந்திருந்தது, பாட்டிலின் குளிர்தான்.

கொச்சியில் நான்தான் முதலில் இறங்கினேன். படிக்கட்டின் அடியில் ஒதுங்கி நின்று மற்றவர்களை எண்ணினேன். என்னோடு முப்பத்தெட்டு. மகள் மட்டும் திரும்பப் போய்ப் படிக்கட்டில் நின்றிருந்த கேப்டனிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். ஆறு நிமிடம் பேசினார்கள்.

வெளியே வந்து ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். "என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"இது அவருக்கு மூணாவது கம்பெனிங்கப்பா. மொதல் ரெண்டும் அவர் வேலையில இருக்கறப்பவே மூடிட்டாங்களாம். இதுவும் எத்தனை நாள்னு தெரியாதுன்னார். பெரிய கம்பெனி கூப்பிட்டா யோசிக்காமப் போயிருன்னார்."

"அப்பறம் என்ன, காத்திருந்துக்கலாம். நான் எழுதினதெல்லாம் அவரே சொல்லிட்டார்."

"இல்லீங்கப்பா. சேரப்போறேன்."

என் மனைவி மகளின் கால்சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல இருந்து கதவை மூடு மூடுன்னாங்க. அவர் மூடலை. கோவப்படவும் இல்லை," என்றாள் மகள். "பெரிய எடத்துல அந்த எண்ணிக்கை காகிதத்துல வரும், கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க. எத்தனை வருசம் கழிச்சு ஏறற ஆள் மூஞ்சியைப் பாப்பேனோ. இங்க மொத நாளே அந்தாள் பக்கத்துல உக்காருவேன். கம்பெனி மூடுனா மூடட்டும். கதவை எப்ப மூடறதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாரேன்."

அவளைப் பார்த்தேன். கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"மேல போறப்ப நீ எண்ணினியா கண்ணு?"

அவள் சாலையில் போன ஒரு பேருந்து திரும்பும் வரை பார்த்தாள்.

"எண்ணினேங்கப்பா. உங்களுக்கு வந்ததுதான் எனக்கும்."

"அவர்கிட்டச் சொன்னியா?"

"தண்ணி குடுத்த பொண்ணு ஏற்கெனவே சொல்லியிருந்தா. 'ஏறினது முப்பத்தெட்டு, இறங்கினது முப்பத்தெட்டு. நான் பொறுப்பு அதுக்குத்தான்'னார்."

"அது போதுமா உனக்கு?"

"அவ்வளவுதான் அவர் கையில இருக்குதுங்கப்பா. அதை அவர் விடலை."

ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் ஒப்பந்தத்தை எடுத்துவைத்தாள். பதினாலு பக்கம். மூன்று ஆண்டு என்றால் எத்தனை முறை ஏறி எத்தனை முறை இறங்குவாள் என்று மனத்தில் பெருக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டேன். பேனா ஒரு இடத்தில் காய்ந்துபோனது. மகள் வேறு பேனா கொடுத்தாள்.

இப்போது அவள் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வாரத்தில் ஐந்து நாள் பறக்கிறாள். மூன்று மாதத்தில் இரண்டு மாதம் சம்பளம் தள்ளி வருகிறது. அதை அவளே சிரித்துக்கொண்டு சொல்லுவாள். கடைசி விமானம் இறங்கியதும் வீட்டுக்குப் பேசுவாள். எங்கே மேகம், எங்கே தாமதம், மதியம் என்ன சாப்பிட்டாள், எல்லாம் வரும். நான் நேரம் கேட்பேன், உயரம் கேட்பேன், எத்தனை முறை ஏறி இறங்கினாள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். தலைக் கணக்கு மட்டும் கேட்பதில்லை.

போன வாரம் ஒரு நாள், பேச்சுவாக்கில், "இன்னைக்கு மைசூர் டிரிப்ல அறுபத்தி..." என்று தொடங்கியவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"இங்க மழை பிடிச்சிருச்சு சாமி," என்றேன். "நாலு நாளா."

"ஆமாங்கப்பா," என்றாள். "மேலயும் மேகந்தான்."