பொட்டாசியம் போடாத இளநீர்

சிறுநீரக நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பதும் ஒரு உத்தியோகம்தான்: சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, மேலதிகாரிகள் மட்டும் ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு இருக்கிறார்கள். உங்களில் எத்தனை பேர் இதே கந்தோரில் வேலை பார்க்கிறீர்களோ தெரியாது. எனக்கு இது இரண்டாவது வருடம். நோயாளி என் அப்பா, குருநகரில் படகு எஞ்சின் திருத்தினவர். இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் மெசினில் போடவேண்டும். வீட்டில் அவர், நான், நாலு வயது மகள். என் கணவருக்குக் கொழும்பில் வேலை. மாதத்துக்கு ஒருக்கால் வந்து "பயப்படாதையும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் பஸ் ஏறினதும் நான் பயப்படத் தொடங்குவேன்.

ஆங்கிலத்துக்கு முதல் பரிசு

கொன்வென்ரில் ஆங்கிலத்துக்கு முதல் பரிசு வாங்கினவள் நான். அதனால்தான் இந்தக் கதை இவ்வளவு நீண்டது. போன மாதம் பெரிய டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்பாவின் இதயம் களைத்துவிட்டது, மெசினில் போடுகிற ஒவ்வொரு தரமும் பிரஷர் விழுகிறது என்று நல்ல தமிழில் சொன்னவர், முக்கியமான இடம் வந்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். 'கொன்சர்வேட்டிவ்' என்ற சொல் மட்டும் காதில் நின்றது. சிஸ்டர்மார் எனக்குப் படிப்பித்த ஆங்கிலத்தில் கொன்சர்வேட்டிவ் என்றால் முழங்காலுக்குக் கீழே இறங்கின பாவாடை. விளங்கினதா என்று கேட்டார். முதுகை நிமிர்த்தி, "யெஸ் டொக்டர்" என்றேன். திங்கட்கிழமை பதில் சொல்லச் சொன்னார். கேள்வி என்னவென்று தெரியாமலே நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் நின்ற நேர்ஸ் என் முகத்தைப் பார்த்து அங்கே கிடந்த நீள வாங்கில் இருத்தினா. இனி மெசின் இல்லை, வீட்டிலேயே வைத்து மூச்சு முட்டுவதற்கும், சொறிவுக்கும், நோவுக்கும் மருந்து, அதற்கென்றே உள்ள பராமரிப்புக் குழு கடைசிவரைக்கும் வீட்டுக்கு வரும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னா. நான் அதற்கும் பரிசு வாங்கின பிள்ளை மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவ பொறுக்கமாட்டாமல் சொன்னா: "தங்கச்சி, தலையை ஆட்டாதையும். மெசினை நிப்பாட்டுவமோ எண்டுதான் டொக்டர் உம்மைக் கேட்டவர்."

செவ்விளநீர்

எங்கள் பக்கத்தில் வருத்தக்காரரைப் பார்க்க ஒருவரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். தோடம்பழம், வாழைப்பழம், செவ்விளநீர். சிறுநீரகம் போன ஆளுக்கு இந்த மூன்றும் விஷம். மூன்றிலும் பொட்டாசியம், அது உடம்பில் கூடினால் இதயம் நின்றுவிடும். வந்தவர்கள் போனதும் எல்லாவற்றையும் நானும் மகளும் சாப்பிடுவோம். அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு ஒரு நாளைக்கு நாலு சின்னக் கோப்பை தண்ணீர்தான் கணக்கு. நாலாவது முடிந்ததும், "அம்மப்பாக்கு இண்டைக்குச் சரி" என்று அறிவிக்கிற பதவி மகளுடையது.

பக்கத்து வீட்டு றீற்றா மாமி ஒரு குலை செவ்விளநீரோடு வந்தா. பொட்டாசியத்தைப் பற்றி நான் அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். மாமி முழுவதையும் கேட்டா. பிறகு மனம் நொந்துபோய்க் குலையைத் தடவிக்கொண்டு சொன்னா: "உது பொட்டாசியம் போட்டதில்லைப் பிள்ளை, எங்கடை வளவிலை காய்ச்சது."

ரொறன்ரோ தலைமையகம்

அண்ணை ரொறன்ரோவில் இருக்கிறார். அவரோடு கதைக்கும்போது நான் குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிடுவேன், அப்பாவுக்குக் கேட்கக்கூடாதே. அப்பாவுக்கு ஒன்றும் சொல்லக்கூடாது என்பதில் மட்டும் குடும்பம் முழுவதும் ஒற்றுமை. டொக்டர் கேட்டதைச் சொன்னதும் அண்ணை வீடியோவிலேயே எழும்பி நின்றார். அப்பா ஒரு போராளி என்றார். மனத்தைத் தளரவிடக்கூடாது என்றார். மெசினை நிப்பாட்டினால் நான்தான் அப்பாவைக் கொன்றேன் என்று சனம் சொல்லுமாம். அவர் சொல்லவில்லை, சனம் சொல்லுமாம்.

அன்றிலிருந்து எனக்குக் 'கொன்றாள்' என்ற அந்த ஒரு சொல்தான். சோறு குழைக்கும்போதும் அதுதான், மகளுக்குச் சீப்பால் தலை இழுக்கும்போதும் அதுதான். போன தரம் மெசினிலிருந்து இறக்கும்போது அப்பா அரைமணி நேரம் கண் திறக்கவில்லை, நான் அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றேன் என்று மறுநாள் அண்ணைக்குச் சொன்னேன். அவர் குரலைத் தணித்துச் சொன்னார்: "நான் சமர் லீவுக்கு வாறன். அதுவரைக்கும் அப்பாவை மெசினிலை வைச்சிரு, உன்னாலை ஏலும்." அப்போது கார்த்திகை மாதம்.

எண்ணெய்

சனிக்கிழமை பங்குச் சுவாமியாரை வரச் சொன்னேன். அவரிடம் கேட்டால் ஒரு வழி பிறக்கும் என்ற எண்ணம். அவர் நோயிற்பூசுதல் எண்ணெயோடு வந்தார். இது சாவுக்கான எண்ணெய் இல்லை, சுகத்துக்கான எண்ணெய் என்று விளங்கப்படுத்தினார். சும்மா இந்தப் பக்கம் வந்தவராம் என்று அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா மறுபேச்சில்லாமல் நெற்றியைக் காட்டினார். மெசினை நிப்பாட்டுவது பாவமா என்று, வழியனுப்பும்போது படலையடியில் கேட்டேன். பாவமில்லை என்றார். அப்பாடா என்று நான் மூச்சுவிடுவதற்குள், அப்பாவிடம் கேட்டாயா என்றார். இல்லை என்றேன். செபிக்கிறேன் என்று சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

அந்தச் சத்தம் தேய்வதற்குள் றீற்றா மாமி வேலிக்கு மேலால் தலையை நீட்டினா. சுவாமியாரின் கையில் இருந்த எண்ணெயைக் கண்டிருக்கிறா. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டா: "எப்ப எடுக்கிறியள் பிள்ளை? செத்தவீட்டுக் கதிரைக்கு இப்பவே சொல்லிவைச்சால்தான் கிடைக்கும்."

கேட்கப்படாத ஆள்

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூப்பிட்டுக் கட்டில் ஓரத்தில் இருக்கச் சொன்னார். குசினிப் பைப்பைத் திறந்துவிட்டால் தண்ணீர்தான் வீணாகும், நீ கதைப்பது எல்லாம் எனக்குக் கேட்கிறது என்றார். கடலில் வருகிற படகின் சத்தத்தை வைத்தே என்ன பழுதென்று சொல்கிற மனுசன். அவரிடம் இரகசியம் காத்தோமாம். மெசின் இல்லாவிட்டால் எவ்வளவு நாள் என்று கேட்டார். முதல் தடவையாக ஆங்கிலம் கலக்காமல் பதில் சொன்னேன்: கிழமைக்கணக்கு. மெசினில் போட்டால்? அதுவும் கனகாலம் இல்லை, இடையில் மெசினிலேயே போகவும் கூடும். அண்ணை சொன்ன அந்தச் சொல்லையும் சொல்லி அழுதேன்.

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "எத்தினை எஞ்சினுக்கு நானே சொல்லியிருப்பன், உதை இனிக் கழட்டாதை, ஓடுமட்டும் ஓடட்டும் எண்டு. ஒருத்தனும் என்னைக் கொலைகாரன் எண்டு சொல்லேல்லை" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்: "றீற்றா கொண்டுவந்தது மிச்சம் இருக்கோ? அந்தப் பொட்டாசியம் போடாதது."

திங்கட்கிழமை டொக்டரிடம் போய், மெசினை நிப்பாட்டுங்கோ என்று தமிழிலேயே சொன்னேன். பராமரிப்புக் குழுவின் நேர்ஸ் வீட்டுக்கு வந்து, ஆசைப்பட்டதை அளவோடு கொடுங்கோ என்றா. இன்றைக்கு ஒன்பதாம் நாள். பின்னேரம் அரைக் கோப்பை இளநீர் குடித்தார், சட்டமீறல் என்று மகள் அறிக்கை விட்டாள். அவர் நித்திரையான பிறகு, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று வரிக்கு வரி எழும்பிப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எல்லா மேலதிகாரிகளிடமும் அனுமதி கேட்டுக் களைத்த பிறகு, முதலில் கேட்டிருக்க வேண்டிய ஆள் கட்டிலில்தான் கிடந்தார் என்று எனக்கு விளங்கிய நேரத்தில், இந்த உத்தியோகம் என் கையை விட்டுப் போகப்போகிறது.