திறந்த பிறகு திருத்தியது

நான் மூன்று வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு பெங்களூர் திரும்பிய வாரத்தில்தான் விஜியின் விடையைத் திறந்தார்கள்.

விஜி என் பள்ளித் தோழி. ஒக்கலிபுரத்தில் வீடு. அம்மா சின்னத்தாயி ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கிறார். அந்தச் சம்பளத்தில் படித்துத்தான் விஜி ஆராய்ச்சிக்குப் போனாள். ஆறு வருடமாக அவளுக்கு ஒரே கேள்வி: பிரபஞ்சத்தை விரித்துத் தள்ளும் இருண்ட ஆற்றல் என்ன ஆகும்? மாறாமல் இருந்தால் எல்லாம் விலகி, குளிர்ந்து, இருண்டுபோகும். வலுத்தால் அணுக்கள்கூடக் கிழியும். தளர்ந்தால் விரிவு மெதுவாகும். திரும்பிச் சுருங்கவும் கூடும். வெடித்த நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளந்து, மூன்றில் எது என்று சொல்ல முயன்றாள்.

இந்த ஆராய்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு. ஆசை கணக்கை வளைத்துவிடக் கூடாது என்று, கணினி விடையோடு ஒரு ரகசிய எண்ணைக் கலந்து வைக்கும். எல்லாம் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகே அதை நீக்கி, உண்மையான விடையைத் திறப்பார்கள். அதற்கப்புறம் எதைத் தொட்டாலும் ‘திறந்த பிறகு திருத்தியது’ என்று எழுத வேண்டும். அந்த விடையை யாரும் லேசில் நம்புவதில்லை.

செவ்வாய் காலை பதினொரு மணிக்குத் திறந்தார்கள். விஜி கூப்பிட்டு நானும் போயிருந்தேன். விடை: கிழியும்.

“ஏய் குரு, உலகமே கிழிஞ்சுது!” என்று மேசையைத் தட்டினான், அவளோடு ஆராய்ச்சி செய்யும் டிரேவர். நண்பர்கள் எல்லோரும் அவனுக்கு ‘குரு’தான். “வேலை கன்ஃபர்ம். பிரியாணி எப்போ?”

அவளுடைய உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. தெளிவான விடை வந்தால் வேலை தருவதாக ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது.

மதியம் கேன்டீனில் விஜி சோற்றைத் தொடவில்லை. லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினாள். அருகிலிருக்கும் நட்சத்திரங்களுக்கு மட்டும், தூசி மறைத்த வெளிச்சத்தை ஒரு தடவை கூட்ட வேண்டிய இடத்தில் தவறுதலாக இரண்டு தடவை கூட்டியிருந்தாள்.

“யாருக்குத் தெரியும்? சும்னே இரு, யார்கிட்டயும் சொல்லாத” என்றான் டிரேவர்.

“எனக்குத் தெரியுமே.”

“உனக்குத் தெரிஞ்சா பிரபஞ்சம் கோச்சுக்குமா?”

“போடா.”

பிழையை நீக்கி மறுபடி ஓட்டினாள். நான்கு மணிக்கு வந்த விடையில் மூன்று முடிவுகளுக்கும் இடமிருந்தது. எதையும் மறுக்க முடியவில்லை.

வழிகாட்டி சுப்புலக்ஷ்மி மேடம் திருத்தத்தை வரி வரியாகச் சரிபார்த்தார். “எழுதித்தான் ஆகணும்மா. பட்டம் கிடைச்சுடும். அந்த வேலைக்கு நான் பேசிப் பாக்கறேன்.” பேசிப் பயனில்லை என்பது அவர் குரலிலேயே இருந்தது.

விஜி ‘திறந்த பிறகு திருத்தியது’ என்ற வரியைத் தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். பல்கலைக்கழகத்துக்கும் அதையே அனுப்பினாள். வியாழக்கிழமை பதில் வந்தது: இந்த ஆண்டு இடமில்லை.

அன்று சாயந்திரம் நான் அவள் வீட்டில் இருந்தேன். சின்னத்தாயி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியபடியே கேட்டார்: “என்னாடி, உலகம் அழியுமா, அழியாதா?”

“தெரியலம்மா.”

“ஆறு வருஷமா என்னாத்தடி படிச்ச?”

அவர் கேலியாகத்தான் கேட்டார். விஜி குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். கால் மணி நேரம் தண்ணீர் ஓடியது.

“டேங்க்கு காலியாவுது, மூடுடி!” என்று சின்னத்தாயி கதவைத் தட்டினார்.

குழாய் நின்றது. அதன்பிறகுதான் அவள் அழுவது எங்களுக்குக் கேட்டது.